பரிமாணத்துக்கு உதடு ஒட்டுகிறது

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவள், தன் அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். கணவர் அவளுடைய எழுதும் மேசைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தார். கையில் அளவு டேப்.

"என்னங்க பண்றீங்க?"

மேசையின் அடிப்பலகையில் 'ணங்'கென்று தலை இடித்தது. "சும்மா," என்று சொல்லிக்கொண்டே பின்பக்கமாக வெளியே வந்தார்.

வீடு மாற்றித் தரும் கம்பெனி ஒன்றில் அவருக்கு வேலை. வீடு காலி செய்பவர்களிடம் போய், கட்டில், பீரோ, சோபா என்று ஒவ்வொன்றின் நீள அகல உயரத்தையும் எடுத்து, எவ்வளவு பெரிய லாரி வேண்டும் என்று கணக்குச் சொல்வார். டேப் அவர் சட்டைப் பையிலேயே குடியிருக்கும். ஆனால் சொந்த வீட்டில் அதை அவர் நீட்டிப் பிடித்து அவள் பார்த்ததே இல்லை.

"சும்மா யாராவது மேசையை அளப்பாங்களா?"

"டேப் சரியா காட்டுதான்னு பார்த்தேன். பழசாயிடுச்சு இல்ல?"

பொய் சொல்ல வராத மனிதர். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. அதற்குமேல் கேட்க விடாமல் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். சாப்பாட்டு டப்பா சமையலறையிலேயே இருந்தது.

வேறு ஊர்க் கிளையில் ஆள் எடுக்கிறார்கள் என்று போன வாரம் பேச்சுவாக்கில் சொன்னாரே. அதுதானா? வீட்டையே லாரியில் ஏற்றப் பார்க்கிறாரா? கேட்டால் நான் குதிப்பேன் என்று, மேசையிலிருந்து ஆரம்பிக்கிறாரா? பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்காராமல் நின்றுகொண்டே போனாள்.

அவள் டப்பிங் படங்களுக்கு வசனம் எழுதுகிறவள். வேற்று மொழிப் படத்தைப் பார்த்து, அந்த நடிகர்களின் வாயசைவுக்குப் பொருந்துகிற மாதிரி தமிழில் எழுதித் தர வேண்டும். ஸ்டுடியோவில் அவளுக்குக் 'கமா' என்று பெயர். எந்த இடத்தில் மூச்சு வாங்க வேண்டும் என்று குரல் கொடுப்பவர்களுக்குக் காட்ட, வரிக்கு வரி கமா போட்டு வைப்பாள். ஒரு நாற்காலியில் நிலைகொள்ளத் தெரியாதவள், முற்றுப்புள்ளியே இல்லாத பிறவி என்பதும் அந்தப் பெயருக்கு ஒரு காரணம். முகத்துக்கு நேரேயே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவளும் அதற்கே திரும்பிப் பார்ப்பாள்.

அன்றைக்குக் கையில் இருந்தது ஒரு குழந்தைகள் படம். வயதான விஞ்ஞானி ஒருவர் கொட்டகையில் ஏதோ இயந்திரம் செய்கிறார். அவருடைய நாய் அதற்குள் ஓடி, காணாமல் போகிறது. படம் முழுக்க நாயைத் தேடுகிறார். நாய் எங்கே போனது என்று அவருக்கு விளங்குகிற இடத்தில், அவருடைய வாய் மட்டும் திரை நிறைய வருகிறது. தாடி, மீசை எதுவும் இல்லாத மழமழ வாய். அந்த வாய் நிதானமாக, "அனதர் டைமென்ஷன்" என்கிறது.

'இன்னொரு பரிமாணம்' என்று எழுதியிருந்தாள்.

கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் நின்ற குரல் கலைஞருக்கு 'கர்ஜனை' என்று பட்டப்பெயர். சிங்கத்திலிருந்து தளபதி வரை எல்லாவற்றுக்கும் அவர்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொன்னார். வெளியே பொத்தான்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த சவுண்ட் இன்ஜினியர் உதட்டைப் பிதுக்கினார்.

"கமா, ஒட்டவே மாட்டேங்குது. அந்தாளு வாயைத் திறக்கறான், நம்மாளு 'ப'ன்னு வாயை மூடறாரு. அந்தாளு கடைசியில திறந்து வெச்சிருக்கான், நம்மாளு 'ணம்'னு மூடறாரு."

"மீசை இருந்தா தப்பிச்சிருக்கலாம்," என்றார் கர்ஜனை உள்ளிருந்து. "சரி, எனக்கு ஒரு சந்தேகம். பரிமாணம்னா என்ன?"

"இவ்வளவு நேரம் தெரியாமலா சொன்னீங்க?"

"மேடையில எல்லாரும் பேசறாங்களே, இந்தப் பிரச்சினைக்குப் பல பரிமாணங்கள் உண்டுன்னு. பக்கம்னு நினைச்சுக்கிட்டேன். நாய் எப்படிம்மா இன்னொரு பக்கத்துக்குப் போகும்? நோட்டுப் புத்தகமா?"

"விமர்சனத்துல எழுதுவாங்க," என்றார் இன்ஜினியர், "நடிகரின் புதிய பரிமாணம்னு. அங்க அதுக்கு முகம்னு அர்த்தம். இல்ல, வேஷமோ?"

கமா பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள். 'டக், டக்' சத்தத்தை மைக் பிடித்துவிடும் என்று இன்ஜினியர் பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். 'வேற உலகம்' என்று போட்டுப் பார்த்தாள். அதே படத்தில் வேற்றுக் கிரகம் தனியாக வருகிறது, குழம்பும். 'வேற தளம்' என்றாள். "மூணாவது மாடியா?" என்றார் கர்ஜனை. 'வேற அளவு' என்றாள். "நாய் இளைச்சுப் போச்சா?"

நடைபாதைக்கு வந்து கணவருக்கு போன் போட்டாள். வார்த்தைக்கு அர்த்தம் கேட்பது பாதி, குரலை வைத்து நோட்டம் பார்ப்பது மீதி.

"என்னங்க, டைமென்ஷன்னா உங்க வேலையில என்ன சொல்வீங்க?"

அந்தப் பக்கம் ஏதோ விழுந்து உருண்டது. "எதுக்குக் கேக்கறே?"

"படத்துக்குத்தான்."

"ஓ, படத்துக்கா," என்று பெருமூச்சு விட்டார். "நீளம், அகலம், உயரம். வேற என்ன? அவ்வளவுதான். ஆமா, நீ சாயந்திரம் சீக்கிரம் வருவே இல்ல?"

"ஏன்?"

"சும்மா."

ஒரே நாளில் இரண்டாவது 'சும்மா'. போனை வைத்துவிட்டு அந்த நடைபாதையின் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் நடந்தாள். தண்ணீர் குடித்தாள். குடித்தது போதாமல் மறுபடியும் குடித்தாள்.

"உங்க தங்கச்சி கணக்கு டீச்சர்தானே?" என்றார் கர்ஜனை, தொண்டைக்கு வெந்நீர் பிடிக்க வந்தவர். "அவங்களைக் கேளுங்களேன். இங்க மண்டையை உடைச்சுக்கிட்டு..."

"கேக்கலாம்," என்று இழுத்தாள்.

கேட்கலாம்தான். தங்கைக்கும் அவளுக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. வேறு ஊரில் கணவனோடு இருக்கிறாள். விசேஷ நாளில் போன், சுகம் விசாரிப்பு, அதோடு சரி. மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தவர்கள்தான் இப்படி ஆகிப்போனார்கள். இத்தனைக்கும் தங்கை அத்தானோடு கலகலவென்று பேசுவாள். அக்கா போனை வாங்கினால் குரல் இறங்கிவிடும். ஏன் என்று கமாவுக்குப் பிடிபட்டதே இல்லை. பிடிபடாததை நோண்டாமல் விட்டுவைத்திருந்தாள்.

மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்து எண்ணை அழுத்தினாள். வகுப்பில் இருப்பாள், எடுக்கமாட்டாள் என்று நினைத்தாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"நான்தான்," என்றாள் கமா. "ஒரு விஷயம் கேக்கணும்."

தங்கை மெதுவாக, "அத்தான் சொல்லிட்டாராக்கா?"

என்ன சொன்னார் என்று கேட்க வாய் எடுத்தாள். கேட்டால் சொல்லாமல் விட்டுவிடுவாளோ என்று பட்டது. "ம்," என்று மட்டும் சொன்னாள்.

"இடம் பத்தாதுன்னு எனக்குத் தெரியும்க்கா. உன் ரூம்ல ஒரு கட்டில் போட வழி இருக்குமான்னு மட்டும்தான் கேட்டேன். நேத்து அவர், அளந்து பார்த்துச் சொல்றேன்னாரு. அவரைத் திட்டாதே. நான்தான் உன்கிட்ட இப்ப சொல்ல வேணாம்னேன்."

"ம்."

"வீட்டை விட்டு வந்துட்டேன். எங்க வீட்டுக்காரர் அடிச்சாரு, திட்டினாருன்னெல்லாம் ஒண்ணும் இல்ல. யாராவது ஏன்னு கேட்டா சொல்றதுக்குக் கூட..." பாதியில் நிறுத்தினாள்.

அந்த இடத்தில் என்ன வார்த்தை வர வேண்டும் என்று கமாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றல்ல, மூன்று நான்கு வார்த்தைகள் நாக்கு நுனியில் வரிசையில் நின்றன. அவளுடைய தொழிலே அதுதான். வாய் அசைவதற்கு முன்னாலேயே வரியைக் கொண்டுபோய் வைப்பது. புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள்.

"...ஒண்ணும் இல்ல," என்று தங்கையே முடித்தாள். "உன்கிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும். ஆனா நான் பாதி சொல்றதுக்குள்ள மீதியை நீ சொல்லிடுவேக்கா. சின்ன வயசுல நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப எனக்கே இது எங்க போய் முடியும்னு தெரியல. அதை இன்னொருத்தர் முடிச்சு வெச்சா பயமா இருக்கு."

கமாவின் கண்ணில் நீர் முட்டியது. அடி வாங்கிய மாதிரி இருந்தது. எழுந்து இரண்டு படி ஏறினாள், மறுபடி இறங்கினாள்.

"இப்ப எங்க இருக்கே?"

"பஸ்ல. சாயந்திரம் வந்துடுவேன்." உறுமல் சத்தத்துக்கு நடுவே யாரோ டிக்கெட் கேட்பது கேட்டது. "நீ கூப்பிட்டியே, இதைக் கேக்கத்தானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அது கௌரவமாகவும் இருந்திருக்கும்.

"இல்ல. பரிமாணம்னா என்னன்னு கேக்கக் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் சிரிப்பு. அடக்க முடியாமல் வந்து, கடைசியில் மூக்கை உறிஞ்சுவதில் போய் முடிந்த சிரிப்பு. "அப்ப அத்தான் உன்கிட்ட ஒண்ணுமே சொல்லலையா?"

"மேசைக்கடியில மண்டையை இடிச்சுக்கிட்டதைத் தவிர ஒண்ணும் சொல்லல. நீ பாடத்தைச் சொல்லு."

டீச்சர் குரல் தானாக வந்துவிட்டது தங்கைக்கு. "அளவுன்னு நினைக்காதே. ஒருத்தர் எத்தனை பக்கமா நகர முடியும்ங்கறதுதான் பரிமாணம். துணி காயப்போடற கம்பி மேல எறும்பு போகுதுன்னு வெச்சுக்கோ. முன்னால போகலாம், பின்னால போகலாம், அவ்வளவுதான். எதிர்ல இன்னொரு எறும்பு வந்தா விலகக்கூட முடியாது. போறதும் வர்றதும் சேர்ந்து ஒரே கணக்கு, அது ஒரு பரிமாணம். தரையில விட்டா இடம் வலமும் போகும், ரெண்டு. றெக்கை இருந்தா மேல கீழயும் போகும், மூணு."

"நாலாவது?"

"அதெல்லாத்துக்கும் குறுக்கே, புதுசா ஒரு திசை. கை நீட்டிக் காட்ட முடியாது. ஆனா இருக்குன்னு வெச்சுக் கணக்குப் போடலாம். பசங்க கேப்பாங்க, எங்க மிஸ் இருக்குன்னு. இதுவரைக்கும் ஒருத்தருக்கும் காட்டினதில்ல." குரலைத் தாழ்த்தினாள். "பக்கத்து சீட்டு அம்மா என்னையே பார்க்கறாங்கக்கா. வெச்சுடறேன்."

கமா உள்ளே ஓடினாள். பேனாவை இன்ஜினியரிடமிருந்து பிடுங்கினாள். திசை. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு எழுதினாள், அடித்தாள், திரையில் அந்த மழமழ வாயை மறுபடி மறுபடி ஓடவிட்டு முணுமுணுத்துப் பார்த்தாள். நின்றபடியே எழுதி நீட்டினாள்: 'எட்டுத் திசைக்கப்பால்'.

கர்ஜனை சொன்னார். 'அனதர் டைமென்ஷன்' என்று அந்த வாய் எங்கே மூடியதோ, சரியாக அங்கே 'கப்பா'வில் இவர் உதடும் ஒட்டிப் பிரிந்தது. கடைசியில் அந்த வாய் திறந்து நிற்க, இவர் 'பால்' என்று இழுத்து விட்டார். விஞ்ஞானி தமிழ் பேசப் பிறந்தவர் மாதிரி இருந்தது.

"ஆனா மேல, கீழ சேர்த்தா பத்துத் திசை இல்லையா?" என்றார் இன்ஜினியர்.

"பத்துன்னா மறுபடியும் 'ப' வரும். எட்டோட நிறுத்துங்க," என்றார் கர்ஜனை.

படத்தை வாங்கிய முதலாளிக்குப் போனில் போட்டுக் காட்டினார்கள். அவர் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா எதுக்கு வம்பு? டைமென்ஷன்னு வைங்க. குழந்தைங்க நம்மளைவிட நல்லா சொல்லும்," என்றார். கமா வாதாடினாள். முதலாளி மென்று விழுங்கினார். கடைசியில், வாய் பெரிதாகத் தெரிகிற அந்த ஒரே இடத்தில் திசை இருக்கட்டும், மற்ற இடத்திலெல்லாம் டைமென்ஷன் என்று முடிவானது. வேறு நாளாக இருந்தால் இதற்கு ஒரு வாரம் புலம்பியிருப்பாள். அன்றைக்குச் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. தங்கை வந்திருந்தாள். கூடத்தில் இரண்டு பெட்டிகள், ஒரு மூட்டைப் புத்தகம். கணவர் அறைக்குள் ஒரு மடக்குக் கட்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மனைவியைப் பார்த்ததும் கட்டிலைக் கேடயம் மாதிரி முன்னால் பிடித்துக்கொண்டார்.

"என் ரூமை என்கிட்ட கேக்காம அளக்கறீங்க," என்றாள் கமா. "ஊரை விட்டே போகப் போறோம்னு காலையிலேருந்து நெருப்பு மேல நின்னுட்டிருந்தேன்."

"கேட்டா நீ வசனம் எழுதிடுவே," என்றார் அவர் பரிதாபமாக.

சமையலறை வாசலில் நின்ற தங்கை சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இளைத்திருந்தாள். அக்காவின் பழைய உடுப்பு ஒன்றை எடுத்து மாட்டியிருந்தாள். தோளில் அது தொங்கியது. கமா போய் அவள் கன்னத்தைத் தொட்டாள். கட்டிக்கொள்ளும் வழக்கம் அவர்களுக்குள் கிடையாது. பக்கத்தில் நின்றுகொண்டார்கள், அவ்வளவுதான்.

கட்டில் இடிக்கிறது என்பதுதான் அப்போதைய பிரச்சினை. மேசையை இந்தச் சுவரில் போட்டால் கதவு திறக்காது. அந்தச் சுவரில் போட்டால் கட்டில் ஜன்னலை அடைக்கும். காலையில் அளந்ததில் சரியாகத்தான் வந்தது என்று கணவர் சத்தியம் செய்தார். கதவின் வீச்சை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஊரார் வீட்டுச் சாமானையெல்லாம் ஒரு சாண் வீணாகாமல் லாரியில் அடுக்குகிறவர், சொந்த அறைக்கு நடுவில் வியர்த்து விறுவிறுத்து நின்றார்.

"மேசையைக் கூடத்துக்கு எடுத்துடலாம்க்கா," என்றாள் தங்கை. "இல்லன்னா நான் கூடத்துலயே..."

"மேசையை எடுத்தா நான் எங்க எழுதறது? நீ கூடத்துல படுத்தா இவர் எங்க நியூஸ் பார்க்கறது?" என்றாள் கமா. கட்டிலையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தாள். "கட்டில் குட்டையாத்தானே இருக்கு? கால்மாட்டை மேசைக்கடியில தள்ளுங்க."

தள்ளினார்கள். போனது. கட்டிலில் பாதி மேசைக்குக் கீழே மறைந்துகொண்டது. கதவும் திறந்தது, ஜன்னலும் திறந்தது. படுப்பவருக்கு இடுப்புக்குக் கீழே மேசைதான் கூரை. தங்கை படுத்துப் பார்த்தாள். பஸ்ஸில் வந்த அலுப்பு; பொருந்துகிறதா என்று கேட்பதற்குள் தூங்கிப்போனாள். அவளுடைய போன் தலையணைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் மின்னி மின்னி அணைந்தது. யார் என்று கமா பார்த்தாள். தங்கையின் கணவன். கை போனது. எடுத்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று உள்ளங்கை அரித்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"என்னவாம்?" என்றார் கணவர்.

"தெரியாது."

"கேக்கலையா?"

"அவளுக்கே தெரியலைங்கறா. நான் என்னத்தைக் கேக்கறது?"

அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு காலையில் விட்டுப்போன டப்பாவைத் திறந்து, ஆறிப்போன சாதத்தைச் சாப்பிட உட்கார்ந்தார்.

மறுநாள் காலை கமா எழுந்தபோது கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. போன் அங்கேயே கிடந்தது. பெட்டிகள் இருந்தன. ஆளைக் காணோம். குளியலறையில் இல்லை, மாடியில் இல்லை. கமாவின் மனசு எங்கெங்கோ போய், போன இடத்திலெல்லாம் மோசமானதையே பார்த்துவிட்டு வந்தது. கணவரை எழுப்பி ஒரு பக்கம் அனுப்பிவிட்டு, தலைகூடச் சீவாமல் இவள் இன்னொரு பக்கம் ஓடினாள்.

கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. பால் வண்டிக்காரனைக் கேட்டாள். பஸ் நிறுத்தத்தில் பார்த்தாள். கடைசியில், அவளே போயிராத ஒரு தெருமுனையில், பூட்டிய பாத்திரக் கடைப் படியில் உட்கார்ந்து தங்கை தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் செருப்பு காலில்.

"எங்கடி போனே?" மூச்சு இரைத்தது கமாவுக்கு.

"நடந்தேன்க்கா. முழிப்பு வந்துடுச்சு. ஒரு முனை வந்தா, எந்தப் பக்கம் தோணுதோ அந்தப் பக்கம் திரும்பினேன். யாரும் ஏன் லேட்டுன்னு கேக்கப்போறதில்ல. நடந்துக்கிட்டே இருந்தேன்." குவளையைக் கையில் சுற்றினாள். "இப்ப வீட்டுக்கு வழி தெரியல."

கமா பக்கத்தில் உட்கார்ந்தாள். கால் தானாக ஆடியது. தங்கையின் காலும் ஆடிக்கொண்டிருந்தது. திட்டுவதற்கு வார்த்தைகள் கூட்டமாக வந்து நின்றன. அவற்றை நிற்கவிட்டுவிட்டு, பக்கத்துத் தேநீர்க் கடைக்காரரிடம் இன்னொரு தேநீர் சொன்னாள். ரெக்கார்டிங்குக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பரவாயில்லை, கர்ஜனை முதலில் நாயின் குரைப்பை முடிக்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

குடித்து முடித்து எழுந்தார்கள்.

"எந்தப் பக்கம்?" என்றாள் தங்கை.

கமா தெருவின் இரண்டு கோடியையும் பார்த்தாள். ஓடி வந்த அவசரத்தில் அவளும் பாதையைக் கவனிக்கவில்லை. "தெரியல," என்றாள்.

தங்கை இடப்பக்கம் திரும்பினாள். அக்காவும் கூடவே நடந்தாள். இன்னொரு தெருவில் அவர்களைத் தேடிக்கொண்டிருந்த கணவர், மனைவியின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார்; அவள் தன் போனை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.